முப்பதாயிரம் ரூபாயில் எலெக்ட்ரிக் கிட்டார்: கடைக்குப் போகும் முன்

போன மாதம் ஒரு அப்பாவும் பதினைந்து வயதுப் பையனும் என் பட்டறைக்கு வந்தார்கள். உறையிலிருந்து கிட்டாரை எடுக்கும்போதே அப்பாவின் முகத்தில் சலிப்பு. "வாங்கி மூணு மாசம்தான் சார் ஆச்சு. ஒரு கம்பி அறுந்துது. அதுல இருந்து ட்யூன் நிக்கவே மாட்டேங்குது. இவனும் தொடுறதையே விட்டுட்டான்."

கறுப்பு நிறம், கூரான இரண்டு கொம்புகள், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பளபளப்பான இரட்டை லாக் பிரிட்ஜ் (கம்பியை இரு முனையிலும் பூட்டுவது). பார்க்க அழகான கிட்டார்தான். சிக்கலே அந்த பிரிட்ஜில்தான் இருந்தது. அது பாடியின் மேல் இறுக்கிப் பொருத்தப்பட்டதல்ல. முன்னே ஆறு கம்பிகள் இழுக்க, பின்னே ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் தராசு முள் மாதிரி நிற்பது. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் பலம் கூடி பிரிட்ஜ் பின்பக்கம் சாயும், மீதி ஐந்து கம்பிகளும் சுருதி மாறும். புதுக் கம்பி மாட்ட ஆலன் கீ வேண்டும், லாக்கைக் கழற்ற வேண்டும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை நகரும். கை பழகியவர்களுக்கே அரை மணி நேர வேலை. நேற்றுதான் சி கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கற்றுக்கொண்ட பிள்ளை என்ன செய்வான்?

பிரிட்ஜ் அசையாமல் இருக்க அதன் அடியில் ஒரு மரத்துண்டை அளவாகச் செதுக்கி வைத்தேன். பிறகு வேறொன்றும் கண்ணில் பட்டது. ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பார்த்தால், அங்கே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். இதில் விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைந்தது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலும் லாக்தான், அரம் போட வழியில்லை. கழற்றி, அடியில் இருந்த தகட்டுத் துண்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினேன். பையனிடம் கொடுத்து எஃப் கார்டு பிடிக்கச் சொன்னேன். பிடித்தான், ஆறு கம்பியும் பேசியது. "அண்ணா, இது இவ்ளோ ஈஸியா?" என்றான். அப்பா கிட்டாரைப் பார்க்கவில்லை, பையனின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். "எனக்கு வரல" என்று கிட்டாரை மூலையில் சாத்தியவர்கள் கொண்டுவரும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் குறை கருவியில்தான் இருக்கிறது, விரலில் இல்லை. அதனால்தான் எந்த மாடல் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், பெயரைச் சொல்வதற்கு முன்னால் பணத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். கையில் முப்பதாயிரம் இருந்தால் கிட்டாருக்குப் பதினெட்டிலிருந்து இருபதாயிரம், ஆம்புக்கு (ஒலிபெருக்கி) ஏழெட்டாயிரம், மீதியைச் செட்டப்புக்கும் (கம்பி உயரத்தையும் நெக்கையும் சரிசெய்வது) நல்ல கேபிள், ஸ்ட்ராப், ட்யூனருக்கும் ஒதுக்குங்கள். முழுப் பணத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு ஹோம் தியேட்டரில் சொருகுகிறவர்கள் உண்டு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டார் பிக்கப்புக்கு ஏற்ற இன்புட் அதில் கிடையாது. சத்தம் மொன்னையாக, உயிரில்லாமல் வரும். இருபதாயிரம் ரூபாய் கிட்டாரும் தகர டப்பா மாதிரி கேட்கும்.

இனி மாடல். இன்று கடையில் தொங்குகிற கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்று பழைய வடிவங்களின் வாரிசுகள். ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் 1950களின் தொடக்கத்தில் வந்தது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல். கிப்ஸனின் லெஸ் பால் 1952இல் வந்தது. அசல்கள் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆனால் ஃபெண்டர் தன் வடிவங்களையே ஸ்கொயர் என்ற பெயரில் 1982லிருந்து குறைந்த விலைக்குத் தருகிறது. 1957லிருந்தே கிப்ஸன் வசம் இருக்கும் எபிஃபோன், லெஸ் பால் வடிவத்தைத் தருகிறது. இவை போலிகள் அல்ல, அந்தந்த நிறுவனங்களே தருகிற சிக்கன வரிசைகள்.

முதல் கிட்டார் என்றால் நான் முதலில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது யமஹா பசிபிகா 112வி. பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் ஒன்று, மற்ற இரண்டு இடத்திலும் ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயில். டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். மெல்லிசைப் பாட்டுக்கும் ராக்குக்கும் ஒரே கருவி போதும். இதுவரை என் மேசைக்கு வந்த பசிபிகாக்களில் ஃப்ரெட் வேலை பெரிதாகத் தேவைப்பட்டவை மிகக் குறைவு. அது கைக்குப் பொருந்தவில்லையென்றால் ஸ்கொயர் டெலிகாஸ்டர். அதன் பிரிட்ஜ் நிலையானது, கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. வேகமாக வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, மெல்லிய நெக் உள்ள ஐபனெஸ் ஜியோ வரிசையிலும் அசையாத பிரிட்ஜ் கொண்டவை கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

லெஸ் பால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான நீளம் ஃபெண்டர் வகையில் 25.5 அங்குலம், கிப்ஸன் வகையில் 24.75. வித்தியாசம் முக்கால் அங்குலம்தான் என்றாலும், ஒரே தடிமன் கம்பி போட்டால் லெஸ் பாலில் இழுவிசை குறைவு. ஃப்ரெட்டுகள் கொஞ்சம் நெருங்கியும் இருக்கும். சின்னக் கைக்கு இது வசதி. ஆனால் எடை நான்கு கிலோ வரை போகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஸ்ட்ராப் போட்டு ஒரு மணி நேரம் நின்றால் தோள் இறங்கிவிடும். ஸ்ட்ராப் போட்டுப் பத்து நிமிடம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாடி மஹோகனியா பாப்ளரா என்று கடைக்காரரிடம் விவாதிக்கிறவர்களைப் பார்க்கிறேன். இந்த விலையில் அதற்குச் செலவிடும் நேரத்தை நெக்கைத் தடவிப் பார்ப்பதில் செலவிடுங்கள். உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே மெல்ல இழுங்கள். ஃப்ரெட் நுனி ரம்பம் மாதிரி கீறினால் வேறு பீஸ் கேளுங்கள். ஏசி அறையில் மாதக்கணக்கில் தொங்கினால் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, நுனி வெளியே நீட்டிக்கொள்ளும். அடுத்து, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். விசிட்டிங் கார்டு பட்டும் படாமலும் நுழைகிற இடைவெளி இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் சுமார் 2 மி.மீ., மெல்லிய கம்பியின் உயரம் 1.6 மி.மீ. அளவில் இருக்கலாம். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, செட்டப்பில் இறங்கிவிடும். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. எங்காவது ஒரு சுரம் செத்து விழுந்தால் அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

இரைச்சலைப் பற்றி அடிக்கடி போன் வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அது பிடித்துக்கொள்ளும், 'ம்ம்ம்' என்று கேட்கும். அது பழுதில்லை, அதன் இயல்பு. 1955இல் கிப்ஸனில் இருந்த சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். பக்கத்தில் மலிவான எல்இடி டிரைவரோ மொபைல் சார்ஜரோ இருந்தால் அணைத்துப் பாருங்கள், பாதி சத்தம் அடங்கும்.

ஆனால் கம்பியைத் தொட்டதும் விரலில் சுரீர் என்று இழுத்தால், உடனே ஆம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. பழைய வீடுகளில் மூன்று முனை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. சிலர் ஆம்பின் எர்த் முனையையே வெட்டிவிட்டு இரண்டு முனை சாக்கெட்டில் சொருகுகிறார்கள். ஆம்பில் கசிவு இருந்தால் அது போக இடமில்லாமல் பிள்ளையின் விரலுக்கு வரும். கிட்டார் வாங்கும் வாரத்திலேயே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆம்ப் வைக்கப்போகும் அறையின் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். வீட்டுக்கு 10 அல்லது 20 வாட் ஆம்ப் போதும். ஹெட்போன் துளை இருக்கட்டும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் பிள்ளை வாசிக்கலாம்.

பழைய கிட்டார் வாங்குவதை நான் தடுப்பதில்லை. அதே பணத்துக்கு ஒரு படி மேலான கருவி கிடைக்கும். ஃப்ரெட்டில் கம்பி பதிந்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா, கேபிள் சொருகும் ஜாக் ஆடுகிறதா, குமிழைத் திருகினால் கரகரக்கிறதா என்று பாருங்கள். கரகரப்பும் ஜாக்கும் சில நூறு ரூபாய் வேலை. பள்ளமான ஃப்ரெட்டை மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும், அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். வந்த அன்றே மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் செய்யுங்கள். முடியாவிட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பக்கத்தில் இருக்கும் ஒரு டெக்னீஷியனிடம் காட்டிவிடுங்கள். பத்தாம் நாள் கண்டுபிடிக்கிற நெக் முறுக்கலுக்கு என் கையிலும் மருந்து கிடையாது.