குரல்வளையை எடுத்த பிறகும் பேசலாம்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இனி பேச்சே வராதா டாக்டர்?" என்பதுதான். வரும். ஆனால் எப்படி வரும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மயக்கம் தெளிந்து, வாயசைத்தும் சத்தம் வராத அன்றைக்குச் சொன்னால் எதுவும் மனதில் ஏறாது.

குரல்வளையை எடுத்ததும் மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்பக்கம் திறந்து தைத்துவிடுவோம். அதன்பின் மூச்சு அந்தத் துளை வழியாகத்தான். நாக்கு, உதடு, பல்லெல்லாம் பழையபடியே இருக்கும். சத்தத்துக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

கழுத்தில் வைத்துப் பேசும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி சீக்கிரம் பழகிவிடும். குரல்தான் ஏற்ற இறக்கமில்லாமல் இயந்திரம் போலக் கேட்கும். காற்றை உணவுக்குழாயில் இறக்கி, ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசுவது இன்னொரு முறை. கருவி வேண்டாம், ஆனால் கைவர மாதக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் வருவதுமில்லை.

நான் பெரும்பாலும் முதலில் சொல்வது, பேச்சுப் பயிற்சியாளர் எரிக் பிளாமும் அறுவை மருத்துவர் மார்க் சிங்கரும் 1980-இல் வெளியிட்ட முறையை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் துளையிட்டு ஒருவழி வால்வு பொருத்துவோம். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை விட்டால் காற்று வால்வு வழியே போய்த் தொண்டைச் சதையை அதிரவைக்கும். அதுதான் புதுக்குரல். தொடக்கத்தில் பலர் விரலை முழு பலத்தோடு அழுத்தி, மூச்சையும் முக்கித் தள்ளுவார்கள். முக்க முக்கத் தொண்டை இறுகி, வந்த சத்தமும் நின்றுவிடும். காற்று கசியாத அளவுக்கு மட்டும் விரலை வைத்து, நிதானமாக 'ஆ' சொல்லச் சொல்வேன். கரகரவென்று ஒன்று வரும். சரி, அப்புறம் ஒன்று, இரண்டு எண்ணலாம்.

வால்வு நிரந்தரமல்ல. பூஞ்சை படிந்து, பெரும்பாலும் சில மாதங்களில் கசியத் தொடங்கும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் சளி என்று மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், வால்வைக் காட்டுங்கள். மாற்றுவது பெரும்பாலும் படுக்கையில் சேராமலே முடிகிற வேலை. கழன்று வந்துவிட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது: நடுச்சுவரில் போட்ட துளை சுருங்கிவிடும். விழுந்த வால்வு கண்ணில் படவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கவும் கூடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. மூச்சுத் திணறினால் ஆக்சிஜனை மூக்கில் வைத்துப் பயனில்லை, கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் வருபவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். "கழுத்து வழியாக மட்டுமே சுவாசிப்பவர்" என்று எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.