முதுகுப் பக்கம் கேட்கும் காதுகள்

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "அமெரிக்க டிரம் கோர் போட்டிக் காணொளியில், பின்வரிசையில் ஸ்நேர் டிரம் அடிப்பவர்களின் குச்சி இறங்கிய பிறகுதான் சத்தம் வருகிறது. ஆனால் முன்னால் மரிம்பா (மரப்பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) வாசிப்பவர்களின் சத்தத்தோடு அது கச்சிதமாகச் சேர்ந்துவிடுகிறது. ஒலியைப் பிற்பாடு ஒட்டினார்களா?"

ஒட்டவில்லை. அவர் கண்ணில் பட்டது கோளாறும் இல்லை. அப்படி வரவைக்கத்தான் அந்தப் பிள்ளைகள் கோடை முழுக்க வெயிலில் நின்று பழகுகிறார்கள்.

டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடி சுழற்றுவோர் கொண்ட அணி. கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. 150 பேருக்கு மேல் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஓடிக்கொண்டே வாசிப்பார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. வென்றது அனாஹைம் கிங்ஸ்மென். மொத்த மதிப்பெண் 100. 2014-இல் ப்ளூ டெவில்ஸ் வாங்கிய 99.650 தான் இறுதிப் போட்டிகளின் உச்சம். நெருக்கமான முடிவு என்றால் 2008: ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. 1996, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்த வித்தியாசமும் இல்லாமல் இரண்டிரண்டு அணிகள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன.

இவ்வளவு நெருக்கத்தில் ஒரு டிரம் அடி முன்பின்னாக விழுந்தாலும் பாதகம்தான். ஆனால் மைதானம் பெரியது, ஒலி மெதுவானது.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மின்னலையும் இடியையும் வைத்துப் பள்ளியில் படித்த கணக்குதான். மைதானத்தின் ஆழம், அதாவது பார்வையாளர் பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கக் கோடு வரை, ஏறத்தாழ 49 மீட்டர். 40 மீட்டர் பின்னால் அடித்த டிரம் முன்கோட்டுக்கு வந்துசேர 117 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு 333 மில்லி நொடி. அதில் கால் பங்கு 83. அதாவது பின்னாலிருந்து வரும் அடி, கால் தட்டைத் தாண்டிப் பிந்தி வருகிறது. உலர்ந்த, கூர்மையான டிரம் அடிகள் இரண்டுக்கு நடுவே சுமார் 20 மில்லி நொடி விழுந்தாலே காது அவற்றை இரண்டாகப் பிரித்துவிடும்.

டிரம் தோலும் இந்த விஷயத்தில் கருணை காட்டுவதில்லை. 1980-களின் கடைசியில் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையில் நெய்த தோல்கள் வந்தன. அவற்றை மேசைப் பலகைபோல் இறுக்கிக் கட்டலாம். பழைய டிரம் உடல் அந்த இழுவையில் நசுங்கியதால், இழுவைக் கம்பிகள் உடலைத் தொடாத அமைப்பே தேவைப்பட்டது. இறுகிய தோலில் ஒலி சட்டென்று அறுந்துவிடும். விரலசைவு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும், பிசகும் அதே தெளிவோடு கேட்கும்.

அப்படியானால் எல்லோரும் ஒரே கணத்தில் அடித்தால் போதுமா? போதாது. ஒரே கணத்தில் அடித்தால்தான் ஒலி சிதறி வந்து சேரும். முன்னால் இருப்பவரின் ஒலி முந்திக்கொள்ளும், பின்னால் இருப்பவருடையது பிந்தும். ஒன்றாக இருக்க வேண்டியது குச்சிகள் அல்ல, அரங்கின் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவரின் காதுக்குள் போய்ச் சேரும் அலைகள்.

தீர்வுக்கு அவர்கள் மொழியில் 'லிசன் பேக்', அதாவது 'பின்னால் கேள்' என்று பெயர். பின்னால் இருக்கும் டிரம் வரிசைதான் நேரத்தின் ஊற்று. அங்கிருந்து கிளம்பும் ஒலி முன்னோக்கி வரும்போது, வழியில் நிற்பவர் ஒவ்வொருவரும் அது தம் காதில் விழும் கணத்தில் வாசிக்கிறார். அவருடைய ஒலி அந்த அலையோடு சேர்ந்து நடக்கிறது. கோயில் தேர் தெருவுக்குள் வர வர, அந்தத் தெருக்காரர்கள் வடத்தைப் பிடித்துக் கூட நடப்பதுபோல. 20 மீட்டரில் நிற்கும் டிரம்பெட்காரர் 58 மில்லி நொடி தாமதமாக ஊதுகிறார், முன்கோட்டு மரிம்பா 117 தாமதமாக வாசிக்கிறது. கூட்டம் கேட்பது ஒரே அடி. வாசகர் கண்ட குச்சிக்கும் ஒலிக்குமான இடைவெளி இதுதான்.

இதை வாசிப்பவர்களுக்குப் புரியவைப்பதைவிடப் பழக்கப்படுத்துவதே கடினம். பயிற்சியில் மெட்ரோனோமை (தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் கருவியை) ஒலிபெருக்கியில் இணைத்து, அணிக்குப் பின்னால் வைப்பார்கள்; டிரம் வரிசை நகர்ந்தால் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார். வசதியாக இருக்கிறதே என்று முன்கோட்டில் வைத்துவிட்டால் கதை கெட்டது. 40 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு அது 117 மில்லி நொடி கழித்துக் கேட்கும், அவர் அடித்தது திரும்பிவர இன்னொரு 117. மொத்தம் 234. முக்கால் தட்டுக்குச் சற்றுக் குறைவு. அணி மோசமில்லை, ஒலிபெருக்கி வைத்த இடம்தான் மோசம்.

முன்னால் நின்று கை வீசி அணியை நடத்தும் டிரம் மேஜருக்கு இன்னும் கடுமையான விதி: காதை நம்பாதே. டிரம் வரிசையின் நடு ஸ்நேர்க்காரர் டிரம் மேஜரின் கையைப் பார்த்து அடிக்கிறார். டிரம் மேஜர் அந்த ஸ்நேர்க்காரரின் காலடியைப் பார்த்துக் கை வீசுகிறார். இருபுறமும் ஒளியால் கட்டிய முடிச்சு, தாமதமே கிடையாது. டிரம் மேஜர் ஒரே ஒருமுறை தன் காதில் விழும் டிரம்முக்குக் கையை ஒத்துப்போகவிட்டால், கை 117 மில்லி நொடி பிந்தும். அந்தக் கையைப் பார்க்கும் டிரம் பிந்தும். அது மறுபடி அவர் காதுக்குப் பிந்தி வரும். சில தட்டுகளிலேயே வேகம் இழுபடுவது தெரியும். "மனம் ஒன்றினால் தாளம் ஒன்றும்" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எவ்வளவு ஒன்றினாலும் காற்று 343-ஐ விட்டுக்கொடுக்காது.

இனி எனக்குப் பிடித்த இடம்: ஓரங்கள். நேர்ப்பின்னால் இருந்து கேட்பது எளிது, பக்கவாட்டில் விலகி நிற்பவர் பாடுதான் சிக்கல். டிரம் வரிசை நடுவில், 40 மீட்டர் ஆழத்தில் நிற்கட்டும். நடுவர் முன்கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி. டிரம் ஒலிக்கு 90 மீட்டர் பயணம். ஒரு டியூபாக்காரர் (பெரிய பித்தளை ஊதுகருவி வாசிப்பவர்) நடுவிலிருந்து 40 மீட்டர் இடப்புறம், 10 மீட்டர் ஆழத்தில் நிற்கிறார். டிரம்முக்கும் அவருக்கும் தூரம் 50 மீட்டர் (30, 40, 50 முக்கோணம்). அவரிடமிருந்து நடுவருக்கு 72. அவர் டிரம்மைக் கேட்டு ஊதினால் அந்த ஒலியின் மொத்த வழி 122 மீட்டர், அதாவது 32 மீட்டர் கூடுதல், 93 மில்லி நொடி பிந்தும். சரி, கேட்காமல் கையைப் பார்த்தே ஊதட்டும் என்றால், டிரம்முக்கு 90, அவருக்கு 72. இப்போது 52 மில்லி நொடி முந்துகிறார்! காதும் பொய், கண்ணும் பொய். உண்மை இரண்டுக்கும் நடுவில், கண்ணிலிருந்து 52 தள்ளி இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டு வாசிக்க முடியாது. மாடத்தில் உட்காரும் பயிற்சியாளர், "இடது ஓரம் முந்துகிறது, கை இறங்கிய பிறகு ஒரு துளி பிந்தி ஊது" என்று வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் அந்த 52 உடம்பில் ஏறும்.

டிரம் வரிசை முன்னுக்கு வந்துவிட்டால் எல்லாமே தலைகீழ். பின்னால் நிற்கும் ஊதுகருவிகள் இப்போது கேட்கவே கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சொற்றொடரின் நடுவிலேயே டிரம் வரிசை குறுக்கே கடக்கும்போது, காதிலிருந்து கண்ணுக்கு மாறும் அந்த நான்கைந்து தட்டுகளில்தான் பெரும்பாலும் சிதறல் நேர்கிறது. கூரை மூடிய அரங்கம் அடுத்த தொல்லை. இறுதிப் போட்டி நடக்கும் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கம் அப்படிப்பட்டது. பின்சுவர் 80 மீட்டரில் இருந்தால் எதிரொலி அரை நொடி கழித்து முதுகில் அறையும். திறந்த பள்ளி மைதானங்களில் கோடை முழுக்க 'பின்னால் கேள்' என்று பழகிய பிள்ளை, அங்கே சுவரைக் கேட்டு வாசித்துவிடும் ஆபத்து உண்டு.

முன்கோட்டில் மரிம்பா எப்படி வந்தது என்பதே விதிப்புத்தகத்தின் விளைவு. 1970-களில் டிம்பனி என்ற பெரிய கிண்ண வடிவ டிரம்மையும் சுமந்து நடந்தார்கள். ஆளுக்கு ஒரு டிம்பனி. நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு மெட்டு. 1980-களின் தொடக்கத்தில் கருவிகளைத் தரையில் நிறுத்தி வாசிக்க அனுமதி வந்தது. முதுகுவலி போயிற்று. நேரத்தின் ஊற்றிலிருந்து மிகத் தொலைவில் ஒரு கூட்டம் நிரந்தரமாக உட்கார்ந்தது. 'பிட்' என்று அழைக்கப்படும் அவர்கள் கூட்டத்தைப் பார்த்து நின்று, முதுகுப் பக்கம் வரும் ஒலியை வைத்தே வாசிக்கப் பழகியவர்கள். அந்தக் காலத்தில் பிழைக்குப் பிழை 0.1 வெட்டும் முறை இருந்தது; 1984-இல் அது போனது. என் கணிப்பில், அது நீடித்திருந்தால் பிட் இவ்வளவு வளர்ந்திருக்காது.

2004-இல் ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டது. பிற்பாடு ஊதுகருவிகளுக்கும் மைக் வந்தபோது புதுச் சிக்கல். மின்சாரத்துக்குக் காற்றின் சோம்பல் கிடையாது. 40 மீட்டர் பின்னால் ஒருவர் டிரம் வரிசையோடு நின்று கம்பியில்லா மைக்கில் டிரம்பெட் வாசித்தால், அவர் ஒலி முன்கோட்டு ஒலிபெருக்கியில் உடனே வெடிக்கும். டிரம் 117 மில்லி நொடி கழித்து வரும். ஒலிக்கலவைப் பலகையில் அந்த மைக்குக்கு 117 தாமதம் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அவர் வாசித்தபடியே 20 மீட்டர் முன்னால் நடந்தால் அதே எண் 58 ஆக வேண்டும். தனி வாசிப்பாளரை முன்கோட்டுக்கே கொண்டுவந்து, நிலையான மைக்கின் முன் நிறுத்திவிட்டால் இந்த எண்ணைத் தொடவே வேண்டியதில்லை. அவர் பிட்டைப்போல் முதுகுப் பக்கம் கேட்டு வாசித்தால் போதும்.