செப்சிஸ்: ‘ரத்தத்தில் விஷம்’ அல்ல

காரைக்குடிப் பக்கம் எந்த அவசரப் பிரிவு வாசலில் நின்றாலும் செப்சிஸுக்குக் காதில் விழும் தமிழ் இதுதான்: “ரத்தத்துல விஷம் கலந்துருச்சு.” அச்சில் வரும்போது அதுவே ‘குருதி நச்சு’ ஆகிவிடுகிறது. குருதி நல்ல சொல்தான். என் சண்டை நச்சோடு.

கிரேக்கத்தில் செப்சிஸ் என்றால் அழுகல். ஹிப்பாக்ரடீஸ் காலத்துச் சொல். அந்த வேர்ப்பொருளுக்கு நம் ஆச்சிமார் சொல்லும் ‘புரையோடிப்போச்சு’ கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பொருள் எப்போதோ நகர்ந்துவிட்டது. 2016இல் வந்த வரையறைப்படி, தொற்றை எதிர்க்கப் போன உடலின் எதிர்வினை நிலைதப்பி, சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைத்து, உயிருக்கு ஆபத்தாவதே செப்சிஸ். நிமோனியாவிலும் சிறுநீர்த் தொற்றிலும் புண்ணே இல்லாமல் வரும். எனவே புரையோடலும் சரிவராது, சீழ்ப்பிடிப்பும் சரிவராது.

விஷம் இவற்றைவிட மோசம். நம் ஊரில் விஷம் என்றால் பாம்பு, பூச்சிமருந்து. வெளியிலிருந்து வருவது, முறிவு மருந்து உள்ளது. சர்க்கரை நோயுள்ள ஓர் ஆச்சிக்குக் காலில் கருவேல முள் குத்தி, நாலு நாள் கழித்து மூச்சு வாங்குகிறது, பேச்சும் குழறுகிறது. ‘ரத்தத்தில் விஷம்’ என்று நர்ஸ் சொன்னதும் மகன் கேட்கிறார்: “கடிச்சது என்னன்னே தெரியலையே டாக்டர், ரத்தத்தை மாத்திரலாமா?” அவர்மேல் என்ன தப்பு? சொல் அப்படித்தான் யோசிக்க வைக்கிறது.

ஆய்வகத்தில் அந்த ரத்தத்தில் தேடுவதும் விஷத்தை அல்ல. சி.ஆர்.பி. என்ற புரதம் கல்லீரல் சுரப்பது. பாக்டீரியாத் தொற்றில் சில மணி நேரத்திலேயே ஏறும் புரோகால்சிடோனின் என்ற புரதமும் உடல் சுரப்பதுதான். திசுக்கள் தவிக்கும்போது லாக்டேட் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. மூன்றுமே உடலின் எதிர்வினையையும் தவிப்பையும் காட்டுபவை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் அவசரப் பிரிவில் இவற்றுக்கு மதிப்பு. ஆனாலும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புரோகால்சிடோனின் ஏறும். அந்த எண் வரட்டும், அப்புறம் ஆன்டிபயாடிக் தொடங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும், மருந்தை எப்போது தொடங்குவது என்பதை முடிவுசெய்ய அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறது.

உடலின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் இந்த மார்க்கர்களுக்கு ‘உயிர்க்குறி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறதே! ஒரே படுக்கையருகில் இரண்டையும் பேசும்போது எதை எதென்று சொல்வது? ‘ரத்தக் குறிப்பான்’ போதும். அகராதியில் ஒரு சொல்லுக்கு நேராக இன்னொரு சொல்லை வைத்துவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர், ஒரு தடவை வார்டுக்குள் வந்து நின்றால் இந்தக் குழப்பம் வராது.

செப்சிஸுக்கு என் பரிந்துரை ‘தொற்றுச் சீர்குலைவு’. காரணமும் விளைவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அது வாயில் படியும்வரை செப்சிஸ் என்றே சொல்லி, கூடவே அந்த மகனிடம் இப்படிச் சொல்லலாம்: “காலில் வந்த தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு நிலைகுலைஞ்சிருக்கு, ஆச்சியோட கிட்னியும் மூளையும் பாதிக்கத் தொடங்கியிருக்கு. மருந்தை இப்பவே ஏத்தணும்.”