1931-ஆம் ஆண்டின் 10 சதவீதச் சம்பளப் பிடித்தம்: ஐ.சி.எஸ். அதிகாரிகள் எதிர்த்தது ஏன்?

1931 செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் ஷூஸ்டர் அவசர நிதிநிலை அறிக்கையைச் சமர்ப்பித்தபோது, உலகப் பொருளாதார மந்தத்தால் சுங்க வருவாயும் ரயில்வே வருவாயும் சரிந்து, கஜானாவில் பெரும் துண்டு விழுந்திருந்தது. வரிகளை உயர்த்தியதோடு, மிகக் குறைந்த சம்பளக்காரர்களை விட்டுவிட்டு, மற்ற அரசு ஊழியர்களின் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தற்காலிகமாகப் பிடிப்பதென்றும் அரசு முடிவு செய்தது.

மத்திய அரசு அலுவலகத்தில் மாதம் 60 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவுக்கு 6 ரூபாய் குறைந்தது. அவரை நியமித்தது இந்தியாவிலிருந்த அரசுதான் என்பதால், அதைக் குறைக்க அரசின் உத்தரவே போதுமானதாக இருந்தது. ஐ.சி.எஸ். எனப்படும் இந்திய சிவில் சர்வீஸ், இந்தியப் போலீஸ் போன்ற உயர் பணிகளின் நிலை வேறு. அவர்களை நியமித்தவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரி, அதாவது இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு இந்திய அரசுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 96-பி பிரிவு, அத்தகைய அதிகாரிகளுக்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளும் இனிச் சேரவிருக்கும் உரிமைகளும் குறையாது என்றும், குறைந்தால் இழப்பீடு உண்டு என்றும் உறுதி கூறியிருந்தது. ஆகவே அவர்களுடைய சம்பளத்தைத் தொடுவதற்கு டெல்லிக்கு அதிகாரம் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே 1931-இல் 'இந்தியச் சம்பளங்கள் (தற்காலிகக் குறைப்பு)' சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அதிகாரிகளின் எதிர்ப்பு தொகையைப் பற்றியது மட்டுமல்ல. பணியில் சேரும்போது தந்த வாக்கை ஒரு தரப்பே மாற்றலாம் என்றால், இன்று பத்தாக இருப்பது நாளை இருபதாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதே அவர்கள் கேள்வி. விலைவாசி வெகுவாக இறங்கிவிட்டதால் 90 ரூபாய்க்கே முன்னைய 100 ரூபாய்க்கு மேலான பொருள் கிடைக்கிறது என்பது எதிர்வாதம். சட்டத்தின்படி அதிகாரிகள் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் கராச்சி காங்கிரஸ், எந்த அரசு ஊழியருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் பொதுவாகத் தரக்கூடாது என்று தீர்மானித்திருந்த நாட்டில், அந்த நியாயம் மக்கள் மனத்தில் ஏறவில்லை. குமாஸ்தாவுக்கு இல்லாத கேடயம் கலெக்டருக்கு மட்டும் ஏன் என்பதற்கு எவரும் சரியான பதில் சொல்லவும் இல்லை.

'தற்காலிகம்' என்ற சொல் இறுதியில் காப்பாற்றப்பட்டது. பிடித்தம் 1933 ஏப்ரலில் 5 சதவீதமாகக் குறைந்து, 1935 ஏப்ரலில் முற்றிலும் நீங்கியது.

ஐ.சி.எஸ். அதிகாரிகளின் பணி நிபந்தனைகளைச் சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பும் 314-ஆம் பிரிவில் காத்தது. 1972-இல் 28-ஆவது திருத்தம் அதை நீக்கியது. அதே அரசியலமைப்பின் 360-ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் நிதி நெருக்கடி நிலையை அறிவித்தால், அது நடப்பிலுள்ள வரை உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட அரசுப் பணியில் உள்ள எவருடைய சம்பளத்தையும் குறைக்க உத்தரவிடலாம். அந்தப் பிரிவு இதுவரை ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.