1862 என்று போட்டிருந்தால் 1862இல் அடித்தது என்று அர்த்தமில்லை

போன வாரம் ஓர் அம்மா, மாமனார் வைத்துவிட்டுப் போன தகர டப்பாவோடு வந்தார். உள்ளே பதினொரு விக்டோரியா வெள்ளி ரூபாய். அதில் ஆறு கண்ணைப் பறித்தன. "கொண்டு வர்றதுக்கு முன்னாடி பற்பசை போட்டு நல்லா தேய்ச்சேன் சார்" என்றார். ஒன்றை எடுத்துக் காட்டினார். 1862. "நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆன்லைன்ல இதே காசுக்குப் பத்து லட்சம் போட்டிருக்கு" என்று ஃபோனை நீட்டினார். மகளின் படிப்புச் செலவை அந்தப் பத்து லட்சத்தை நம்பித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

பழசு என்பதற்காக மட்டும் காசுக்கு விலை ஏறாது. எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை உருகாமல் தப்பின, தப்பியது எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுபவர்கள் எத்தனை பேர், இவைதான் கணக்கு. அந்த 1862 ரூபாயையே பாருங்கள். அதே ஆண்டைப் போட்டு 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1868இல் அடித்த காசிலும் 1862தான் இருக்கும். பம்பாயில் அடித்ததாக இருந்தால் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணித்தான் காலத்தைக் கணிப்போம். பன்னிரண்டு வருடம் அடித்த காசு எப்படி அபூர்வமாகும்? சாதாரண வகைகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட 77 வருடம் இளையது. ஆனால் சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் அலைகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். 1911 ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, திரும்பப் பெற்றார்கள். அதனால்தான் 1912ஐவிட அதற்கு மதிப்பு அதிகம். ஆஸ்திரேலியாவின் 1930 பென்னி மெல்போர்னில் சுமார் 1,500தான் அடித்திருப்பார்கள் என்பது கணிப்பு. வெறும் வெண்கலக் காசு, ஆனால் பெரிய ஏலங்களில்தான் கைமாறும். வேறு ஆண்டின் பென்னியில் இலக்கத்தை மாற்றிய போலிகளும் இதற்கு உண்டு, உஷார்.

ஃபோனில் தெரிந்த அந்தப் பத்து லட்சம் யாரோ ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை. ஏலத்தில் முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள், அதுவும் உங்கள் காசின் நிலையில் இருப்பதன் விலையை. நிலை என்றால்? ஐந்தாம் ஜார்ஜின் ஆஸ்திரேலியப் பென்னியில் கிரீடத்தின் கீழ்ப்பட்டையில் எட்டு முத்துகளும் நடுவில் ஒரு வைரமும் இருக்கும். தேயத் தேய முதலில் வைரமும் நடு முத்துகளும் மறையும். ஆறு முத்து தெரியும் காசும் எட்டு முத்து தெரியும் காசும் ஒரே ஆண்டானாலும் விலையில் வெகுதூரம். அந்தப் பென்னிகளில் மன்னரின் உருவத்துக்குக் கீழே 'I' என்ற சின்ன ஆங்கில எழுத்து தெரிந்தால் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்: 1916 முதல் 1918 வரை கல்கத்தாவில் அடித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியவை அவை.

சரி, வெள்ளிக்கு வருவோம். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. கீழ்மட்ட விலை இதுதான், அன்றைய வெள்ளி விலையை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். எடை நிறையக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், காந்தம் ஒட்டும். அதை வெள்ளி என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகளில் 1920இல் 50 சதவீதமாகக் குறைத்து 1947இல் வெள்ளியையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1946 முதல் பாதி.

அப்புறம் அந்தப் பற்பசை. தேய்க்காதீர்கள். எலுமிச்சை வேண்டாம், சோடா உப்பு வேண்டாம், பாலிஷ் துணி வேண்டவே வேண்டாம். நூற்றாண்டாகப் படிந்த கருமையை அழுக்கு என்று நினைக்கிறீர்கள், வாங்குபவர் முதலில் தேடுவதே அதைத்தான். மெருகேற்றிய காசை லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். அதைத் திரும்பச் சரிசெய்ய யாராலும் முடியாது. தேய்த்த ஆறும் கிட்டத்தட்ட வெள்ளி எடைக்குத்தான் போகும் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேய்க்காமல் விட்ட ஐந்தை ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நான்கு சாதாரணம். ஐந்தாவதில் ராணியின் கன்னத்தைச் சுற்றி அச்சடித்த அன்றைய ஒளி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிவிசி உறைகள் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும் என்பதால், அது இல்லாத உறைகளில் ஐந்தையும் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தேன். "இதையாவது தொடாம வெச்சிருங்கம்மா, அவசரப்பட்டு முதல்ல கேக்கிறவர்கிட்ட கொடுத்துடாதீங்க, ரெண்டு மூணு பேர்கிட்ட காட்டுங்க" என்றேன்.