சூடேறினால் இழுக்காத பழைய கார்: முதலில் அந்த ஈரத்துணியை எடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. "காலையில் எடுத்தால் நன்றாகப் போகிறது, அரை மணி நேரத்தில் புல்லிங்கே இல்லை" என்ற அதே புகார். இன்ஜின் மூடியைத் திறந்தால் பெட்ரோல் குழாய் நெடுக துணி காயப்போடும் கிளிப்புகள், பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி, பொறிக்கு மின்னழுத்தம் ஏற்றும் பளபளக்கும் புதுக் காயில். கோளாறு மட்டும் போகவில்லை.

'பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது' என்ற இந்தத் தீர்ப்பை யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! ஆவி அடைப்பு என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது வரும் இடம் வேறு. இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டி, சிங்கப்பூர்-ஜொகூர் காஸ்வே பால நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் வரலாம். சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதும் வரலாம். விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது, பெட்ரோலும் குழாயில் தங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இழுவை குறைந்தால் ஆவியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் போல எலெக்ட்ரிக் பம்ப் பின்பக்கம் இருக்கும் வண்டிகளில் இன்னும் கடைசியாக. அங்கே பம்ப் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது, தூரத்திலிருந்து உறிஞ்சவில்லை.

"ஈரத்துணி போட்டதும் சரியாகிவிட்டதே?" என்பார்கள். துணியை நனைத்துச் சுற்றிக் காத்திருந்த அந்த 15 நிமிடத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? காயில் ஆறியது, இக்னிஷன் கண்டென்சர் (மின்தேக்கி) ஆறியது, வால்வுகள் ஆறின. சூட்டில் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கும் தளர்ந்திருக்கலாம். துணி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும்.

இன்னொன்று, 'சூடானதும்' என்பதும் '20 நிமிடம் ஓடியதும்' என்பதும் ஒன்றல்ல. இங்கே சிங்கப்பூரில் 35 வயது தாண்டி கிளாசிக் திட்டத்தில் இருக்கும் கார் வருடத்துக்கு 45 நாள்தான் சாலைக்கு வரும். மீதி 320 நாள் கார்நிறுத்தத்தில் தூக்கம். டேங்க் உள்ளே துரு பிடிக்கிறது, பழைய பெட்ரோல் பிசினாகிறது. ஓட ஓடத் துருத்தூள் வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். நிறுத்தினால் உதிர்ந்து கீழே இறங்கும். அடுத்த 20 நிமிடத்துக்கு வண்டி மறுபடி நன்றாக ஓடும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே நாடகம்தான். இழுவை குறைந்த அந்த நேரத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வண்டி சரியாகிவிட்டால் செலவு ஒரு மூடிதான்.

ஆகவே கோளாறு இருக்கும்போதே சோதியுங்கள், ஆறவிட்டுத் தேடாதீர்கள். விரைவுச்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு வேண்டாம். அங்கே வண்டி நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார்நிறுத்தத்துக்கு இலவசமாகவே இழுத்துச் செல்லும்.

முதலில் கியரை எடுத்துவிட்டு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் தாராளமாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது என்றால் பிரேக் பிடித்திருக்கலாம், அல்லது கிளட்ச் வழுக்கலாம். பிரேக்கா என்பது சமதரையில் நியூட்ரலில் உருட்டினாலே தெரிந்துவிடும். சக்கரத்தருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் ரப்பர் குழாய் உள்ளே ஊதியிருக்கும். எண்ணெய் போகும், திரும்பாது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டிய பிறகு பிரேக்கில் குறை கண்டுபிடித்த வண்டிகள் நிறைய.

அடுத்தது மின்சாரம், பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான். காயில் மூலம் வேலை செய்யும் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழற்சி காட்டும் மீட்டர்) இருந்தால், திணறும்போது முள் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டென்சர், வயர் பக்கம் போங்கள். முள் நிதானமாக இருந்து இழுவை மட்டும் மெல்ல மெல்லச் சரிந்தால் பெட்ரோல் பக்கம்.

புதுக் காயில் மாட்டியவர்களே, அது எத்தனை ஓம் என்று பார்த்தீர்களா? பேலஸ்ட் (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) இல்லாத 12 வோல்ட் வண்டிக்குச் சுமார் 3 ஓம் காயில் வேண்டும். பேலஸ்ட் வண்டிக்கானது சுமார் 1.5 ஓம். பெட்டியில் இரண்டுக்கும் '12 வோல்ட்' என்றே போட்டு விற்கிறார்கள். பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால், இன்ஜின் ஓடும்போதுள்ள சுமார் 13.5 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்குப் பதில் 9 ஆம்பியர் ஓடும். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும், அரை மணி நேரத்தில் பொறி வலுவிழக்கும். பழைய கோளாறு தீரவில்லை, காசு கொடுத்து இன்னொன்றை வாங்கிப் பொருத்தியாயிற்று. மல்டிமீட்டர் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது ஐயா.

கண்டென்சர் சூட்டில் மட்டும் கசியும், ஆறினால் நல்லபிள்ளை. பழையதைக் கழற்றிவிட்டு, புதிதைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்) பக்க முனையில் இணைத்து, உடலை எர்த் செய்து ஓட்டிப் பாருங்கள். பழையதை அப்படியே விட்டுப் பக்கத்தில் இன்னொன்றை மாட்டுவதில் பயனில்லை. லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதனுள் பாயிண்ட் உட்காரும் தட்டிலிருந்து போகும் அந்தச் சின்ன எர்த் வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. அதனுள் சுழலும் ரோட்டார் சந்தேகமென்றால் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் காப்பிட்ட குறடால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்கு 5 மில்லிமீட்டர் மேலே வைத்து இன்ஜினைச் சுற்றவிடுங்கள். பொறி தொடர்ந்து பாய்ந்தால் ரோட்டார் உள்வழியாக ஷாஃப்ட்டுக்குக் கசிகிறது.

பொறிச் சோதனை முடிந்த பிறகுதான் பெட்ரோல் சோதனை. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களைக் கண்டால் கை நடுங்குகிறது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், இக்னிஷன் பொறி வராதபடி காயில் வயரைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி அளவுபோட்ட டப்பாவில் விட்டுப் பாருங்கள். எலெக்ட்ரிக் பம்ப் உள்ள பழைய மினியில் ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வர வேண்டும். இன்ஜின் கொதிக்கும்போது இதைச் செய்யாதீர்கள், இந்த ஒரு சோதனைக்கு மட்டும் ஆறட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் வால்வு. "டேப்பட் சத்தமே இல்லை, இன்ஜின் அருமை" என்று பெருமைப்படாதீர்கள். சத்தமில்லாத டேப்பட் எனக்குக் கவலை. மினி, மோரிஸ் மைனர் இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே 0.30 மில்லிமீட்டர் டேப்பட் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் ஒழுகும், ஓரம் கருகும். இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 1998-இல் நின்றுபோனது. கடினமான வால்வு இருக்கை பொருத்தாத பழைய சிலிண்டர் ஹெட்டில் இருக்கை தேய்ந்து, இடைவெளி தானே சுருங்கும். பிளக் நான்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி, குளிரில் ஒரு முறையும் சூட்டில் ஒரு முறையும் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) எடுங்கள். சூட்டில் ஒரு சிலிண்டர் மட்டும் சரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை நிமிடத்தில் வந்தது, ஏற்றத்திலா சமதரையிலா, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நேரத்தில் சரியானது. இதுவரை கழற்றிய காயிலையும் கண்டென்சரையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அவற்றில் நல்லது எது என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.