அமுக்கப் பரம்பற் படம்: சொல் விளக்கம்

படுக்கைப்புண்ணைத் தடுக்கும் பொருட்டு, நோயாளி படுத்திருக்கும் மெத்தையோ, அவர் அமர்ந்திருக்கும் சக்கர நாற்காலியின் திண்டோ அவரது உடலை எந்த இடத்தில் எவ்வளவு அமுக்குகிறது என்பதை, இடையே விரிக்கப்படும் மெல்லிய உணரி விரிப்பினால் அளந்து கணினித் திரையில் நிறங்களாகக் காட்டும் முறை 'பிரஷர் மப்பிங்' எனப்படுகிறது. கொழும்பில் இது ஆங்கிலப் பெயரோடே நின்றுவிட்டால், படுக்கையில் இருக்கும் தாயை வீட்டில் பராமரிக்கும் மகளுக்குத் திரையில் தெரியும் சிவப்புத் திட்டின் பொருள் எட்டாது. ஆகவே தமிழ்ப் பெயர் அவசியம்.

'மப்' என்பதன் மூலம், துணியைக் குறிக்கும் 'மாப்பா' என்ற இலத்தீன் சொல். 'பிரஷர்' என்பதற்குத் தமிழகத்தார் 'அழுத்தம்' என்பர். நமது பாடநூல்களில் அது 'அமுக்கம்'. அமுங்கு, அமுக்கு என்ற வினைகளின் வழி வந்த இச்சொல் குருதியமுக்கம், வளிமண்டல அமுக்கம் என நமக்குப் பழகியதே.

'அமுக்கப் படம்' என்று சுருக்கிவிடலாமே எனின், 'பரம்பல்' என்ற சொல்லை விடக்கூடாது என்பதே என் கருத்து. சனத்தொகைப் பரம்பலைப் படித்தவர்களுக்கு அது புதிதன்று. இக்கருவி காட்டுவதும் ஒற்றை எண்ணை அன்று, பரம்பலையே. உடலின் நிறை மாறாதிருக்க, அதைத் தாங்கும் பரப்பு விரிந்தால் அமுக்கம் குறையும். பரப்பு சுருங்கினால் குதிக்காலிலும் முதுகின் அடியெலும்பிலும் அது குவியும். ஒற்றை எண்ணை நம்பியதால் விளைந்த குழப்பமும் உண்டு. 1930 இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் யூஜின் லாண்டிஸ் விரல் நகத்தின் அடிமடிப்பில் அளந்த, மயிர்க்குழாய் எனப்படும் மிக நுண்ணிய குருதிக்குழாயின் அமுக்கத்துக்குரிய 32 மில்லிமீற்றர் இரசம் என்ற அளவு, பின்னர் உடல் முழுவதற்குமான பாதுகாப்பு எல்லைபோலக் கையாளப்பட்டது. ஆனால் இழையம் எவ்வளவு தாங்கும் என்பது அமுக்கம் நீடிக்கும் நேரம், ஈரம், போசாக்கு, வயது ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எனவே இப்படம் நன்கு பயன்படுவது ஒப்பீட்டுக்கே: ஒரே நோயாளியை ஒரே நிலையில் இரு திண்டுகளில் மாறி மாறி அமர்த்தி, திண்டு அமிழ்ந்து நிலைகொள்ளச் சில நிமிடங்கள் விட்டுப் படமெடுத்தால், அவருக்கு எது பொருந்துகிறது என்பது புலப்படும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும்போது உடல் கீழே சறுக்கித் தோல் இழுபடும் விசையையும், எலும்பை ஒட்டிய ஆழத்து இழையம் படும் பாட்டையும் அந்த விரிப்பு அளப்பதில்லை. படம் நன்றாக வந்தாலும் தாதியர் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துத் தோலைக் கண்ணால் பார்க்கவே வேண்டும்.